எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே

“எக்ஸ்கியூஸ் மீ மிஸ்... உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே...”

சந்திரமதி திரும்பிப் பார்க்கவில்லை. இந்த மாதிரிப் பேச்சை அந்த மாலையில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டாயிற்று.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை. தேக்கா பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே நகைக்கடை வாசலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்தாள். என்ன ஏது என்று கேட்பதற்குள் மணிக்கட்டில் ஏதோ கிரீமைத் தடவிவிட்டாள். “ஒரே வாரத்துல கலரே மாறிடும் சிஸ்டர்! நீங்களும் விக்கலாம்லா... உங்க ஃபிரண்ட்ஸையும் சேர்த்து விடலாம்...” கையை உதறிக்கொண்டு வந்தால், ஜவுளிக்கடை வாசலில் டை கட்டிய ஓர் ஆள். “எவ்வளவு நாளைக்கு முதலாளியவே பணக்காரனாக்குவீங்க? நீங்க முதலாளி ஆக வேணாமா?” என்று கடைக்குள்ளேயே பின்னால் வந்தார். தம்பி மகளுக்குப் பாவாடைத் துணியை நிம்மதியாக எடுக்கக்கூட விடவில்லை. இந்த வருஷம் சிங்கப்பூரில் நிறையப் பேருக்கு வேலை போயிருந்தது. தெருவில் ஆள் பிடிக்கிறவர்களும் கூடிவிட்டார்கள்.

இப்போது இன்னொன்றா?

“எங்க பார்த்தீங்க?” என்றாள், எதிர்க்கடையைப் பார்த்தபடியே. “ஆங் மோ கியோவிலயா... இல்ல, ஜெயில்லயா?”

“ஜெயில்... ஐயோ, ஜெயில்ல எல்லாம் இல்ல மிஸ்...”

குரல் அப்படித் தடுமாறியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு திரும்பினாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு. தோய்த்துத் தோய்த்து மெலிந்துபோன வெள்ளைச் சட்டை. அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய கண்கள்... 

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாலையில் நின்ற கூட்டம் முழுவதும் கடைகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதைக்குள் நெருக்கியடித்து ஏறியது. யாரோ இடித்ததில் அவள் கையிலிருந்த காகிதப் பை அடியோடு கிழிந்தது. பாவாடைத் துணி, தம்பிக்கு எடுத்த சட்டை, அவன் மனைவி லீலாவுக்கு எடுத்த சேலை... எல்லாம் நடைபாதை ஓரத்தில்!

அவன் சட்டென்று குனிந்தான். ஒரு கால் சாக்கடைத் தண்ணீரில் இறங்கியது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் துணிகளை ஒவ்வொன்றாக வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“சேலை நனையல மிஸ். பாருங்க... நல்லாத்தான் இருக்கு.”

“உங்க ஷூ நனைஞ்சுபோச்சு.”

“அது நாளைக்குக் காஞ்சிடும்.”

அவ்வளவு பக்கத்தில் நின்று அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் கேட்டான்:

“உங்க கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு...? அழுதீங்களா?”

 

அவள் அழவில்லை. ஆங் மோ கியோவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. காலையிலிருந்து மாலைவரை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்ட வேண்டும். கண் எரியும், சிவக்கும். வீட்டுக்கு வந்து ஈரத்துணியை வைத்துக்கொண்டு படுப்பாள். அந்தச் சிவப்பு அந்த வீட்டில் நாற்காலி, மேசை மாதிரி ஆகிவிட்டது. யாரும் கேட்டதில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பி வடிவேலுவைப் படிக்கவைத்தாள், கல்யாணம் செய்துவைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது தனக்கு முப்பது தாண்டியிருந்தது. அவள் கண்ணைப் பார்த்து இப்படி ஒருவன் கேட்பான் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

“மைக்ரோஸ்கோப்...” என்றாள் மெதுவாக. “வேலை அப்படி.”

“வலிக்குமா?”

“பழகிடுச்சு.”

மழை விடுகிற வழியாக இல்லை. பக்கத்துக் காப்பிக் கடையில் ஒரு மேசை காலியானது. ‘தே குடிக்கலாமா’ என்று அவன் கேட்டானா, அவள்தான் முதலில் அந்தப் பக்கம் நடந்தாளா... பிறகு யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை.

அவன் பெயர் லாசரஸ். கிளமெண்டியில் வீடு. அம்மாவும் அவனும் மட்டும். அக்கா ஜோசபினுக்குக் கல்யாணமாகிப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருக்கிறாள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

“பார்த்துக்கிட்டு இருந்தீங்கன்னா... இப்போ?”

“இப்போ... சொந்தமா ஒரு பிசினஸ். சின்னதா... ஆரம்பம்தான்...” சொல்லிவிட்டுத் தேநீர் கிளாஸைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

என்ன வெட்கம் இந்த மனுஷனுக்கு, என்று நினைத்துக்கொண்டாள் சந்திரமதி.

கிளம்பும்போது போன் நம்பர் கேட்டான். எழுதத் தாள் எதுவும் நனையாமல் இல்லை. அவன் கையை நீட்டினான். உள்ளங்கையில் பேனாவால் எண்களை அவள் எழுதினாள். அவன் கையை மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கி ஓடினான்... நனைந்த காகிதம் மாதிரி அந்தச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

போன் வந்தது. இரண்டு நாள் கழித்து ஒன்று. பிறகு இரவு சாப்பாட்டு நேரத்தில் தினமும்.

“யாருக்கா அது?” என்று லீலா கண்ணைச் சிமிட்டுவாள். தம்பி மனைவி என்றாலும் சந்திரமதிக்கு அவள் தோழி மாதிரிதான்.

“ஃபேக்டரி ஃபிரண்டு.”

“ஓ... ஃபேக்டரி ஃபிரண்டு போன் பண்ணா எல்லாரும் இப்படித்தான் வயரைச் சுத்திச் சுத்தி வெட்கப்படுவாங்களா?”

சந்திரமதி அவசரமாக விரலிலிருந்து போன் வயரைக் கழற்றுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சந்தித்தார்கள். தேக்காவில் தோசை. பிறகு பஸ் பிடித்து எலிசபெத் வாக் பக்கம் கடலோரமாக நடப்பார்கள். கப்பல்கள் நிற்பதைக் காட்டி, எந்தக் கப்பல் எண்ணெய் ஏற்றுவது, எது சரக்கு ஏற்றுவது என்று அவன் சொல்வான். கப்பல் பேச்சு வந்தால் அவனுக்குத் தடுமாற்றமே இருக்காது. முகம் மலர்ந்துவிடும். தன் வேலையைப் பற்றி அவள் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

“நீங்க ஏன் எப்பவும் டை கட்டிக்கிட்டே வரீங்க? வேர்க்குதுல்ல?”

“நல்லா இல்லையா?”

“கழுத்தைப் பிடிச்சுக் கட்டிவச்ச மாதிரி இருக்குலா.”

உடனே கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சீனத் தாத்தா திரும்பி முறைத்தார்.

ஒருநாள் போனில் அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

“வர்ற ஞாயித்துக்கிழமை... உங்களை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும் சந்திரா. முக்கியமான எடம். நீங்க ஒருத்தரைப் பார்க்கணும்.”

“யாரை?”

“அன்னைக்குத் தெரியும்.”

அவள் போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். லீலா வந்து உலுக்கினாள். விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதித்தாள். “அக்கா! இது கூடப் புரியலையா? அவங்க அம்மாவைக்கா!”

“சும்மா இரு... அவங்க வேதக்காரங்க லீலா. வடிவேலு என்ன சொல்வானோ.”

“அவரை நான் பார்த்துக்கறேன். நீங்க எந்தச் சேலைன்னு மட்டும் சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலை. தலையில் மல்லிகை. கண்ணில் லீலா ஏதோ சொட்டு மருந்து விட்டிருந்தாள், சிவப்புத் தெரியாமல் இருக்க. பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகலாமா? ஆங் மோ கியோ பேக்கரியில் ஒரு கேக் வாங்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்ததும் லாசரஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன... நல்லா இல்லையா?”

“இல்ல... ரொம்ப...” என்றான். முடிக்கவில்லை. அவன் கண்கள் கலங்கியது போல் அவளுக்குத் தோன்றியது.

*

பஸ் கிளமெண்டிக்குப் போகவில்லை. நகரத்துக்குப் போனது. ஒரு ஹோட்டல் வாசலில் அவர்கள் இறங்கினார்கள். அம்மாவை ஹோட்டலிலா பார்ப்பது? மாடியில் பெரிய கூடம். வரிசை வரிசையாக நாற்காலிகள். முன்னால் வெள்ளைப் பலகை. கோட்டு போட்ட ஒருவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

“வாங்க வாங்க சிஸ்டர் சந்திரமதி! நான் தனசேகரன். லாசரஸ் உங்களைப் பத்திச் சொல்லாத நாளே இல்ல. முன் வரிசையில உக்காருங்க!”

அவள் உட்கார்ந்தாள். மடியில் கேக் பெட்டி. லாசரஸின் முகத்தைப் பார்த்தாள். அவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தனசேகரன் பலகையில் ஒரு வட்டம் போட்டார். “இது நீங்க.” அதற்குக் கீழே வரிசையாக வட்டங்கள். “இவங்க நீங்க சேர்த்துவிடற ஆளுங்க.” அவற்றுக்குக் கீழே இன்னும் வட்டங்கள்... பலகை நிறைந்துபோனது. சோப்புத் தூள், வைட்டமின் மாத்திரை, சொந்த வீடு, கார் என்று அவர் பேசிக்கொண்டே போனார். சந்திரமதிக்கு மெல்ல மெல்ல எல்லாம் புரிந்துகொண்டு வந்தது. சிராங்கூன் சாலையில் அவள் கையைப் பிடித்த அந்தப் பெண்கூடப் பின் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆள் சேர்க்கிறது கஷ்டம்னு நினைப்பீங்க. ரொம்ப சுலபம்லா!” என்றார் தனசேகரன். “தெருவில பார்க்கிறவங்ககிட்ட முதல்ல என்ன சொல்லணும்? ‘உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே’ன்னு சொல்லணும். நின்னுடுவாங்க. அப்புறம் முகத்தைப் பார்க்கணும். களைப்பா இருக்காங்களா, கண்ணு சிவந்திருக்கா, செருப்பு தேஞ்சிருக்கா... அதைக் கேக்கணும். அன்பாக் கேக்கணும். யாருமே கேக்காததை நீங்க கேட்டா... மனசு உருகிடும்!”

கூடம் சிரித்தது.

சந்திரமதிக்கு அந்த மாலை நினைவுக்கு வந்தது. மழை, காகிதப் பை, சாக்கடையில் இறங்கிய கால்... ‘அழுதீங்களா?’

“இந்த மாசம் புதுசா ஆள் கூட்டிட்டு வந்தவரு நம்ம லாசரஸ்! எழுந்திரிங்க லாசரஸ்!”

எல்லாரும் கை தட்டினார்கள். லாசரஸ் எழுந்து நின்றான். அவன் முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒரு பெருமிதம். கைதட்டலுக்கு நடுவே குனிந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள் மின்னின...

பிடித்துவிட்டேன் பார், என்கிறானா?

அவள் எழுந்தாள். கேக் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தாள். யாரோ “சிஸ்டர்... சிஸ்டர்...” என்றார்கள். படிகளில் சேலை தடுக்கியது. வெளியே நல்ல வெயில். பஸ் ஸ்டாப்பை அடைந்தபோது பின்னால் அவன் ஓடிவந்துகொண்டிருந்தான்.

“சந்திரா! ஒரு நிமிஷம்... நான் சொல்றதைக் கேளுங்க...”

“ஒரே ஒரு கேள்வி.” அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “என் கண்ணைப் பார்த்து அன்னைக்குக் கேட்டீங்களே... அதுவும் பாடம்தானா?”

அவன் உதடு அசைந்தது. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ஆமா,” என்றான்.

பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள். கண்ணாடிக்கு வெளியே அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கதவு மூடிய பஸ்ஸுக்குள் எதுவும் கேட்கவில்லை. அவள் தலையிலிருந்த மல்லிகையைப் பிடுங்கிக் கைக்குள் கசக்கிக்கொண்டாள். முப்பத்தொரு வயசுப் பொம்பளை... பட்டுச் சேலையும் பூவுமாய்... என்னவென்று நினைத்துக்கொண்டு போனேன் நான்!

*

போன் அடிக்கும். “நான் இல்லேன்னு சொல்லு லீலா.” லீலா சொல்வாள். ஒருநாள் அவனே புளோக்குக்கு வந்துவிட்டான். வடிவேலு கதவைப் பாதி திறந்து, “எங்கக்கா உங்களைப் பார்க்க விரும்பல. இன்னொரு தடவை வராதீங்க,” என்று அனுப்பிவைத்தான். அறைக்குள் சந்திரமதி கட்டிலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். லிப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே கார் நிறுத்தத்தைத் தாண்டி அவன் நடந்து போனான். டை இல்லை. ஒருமுறை நின்று மேலே பார்த்தான். எந்த ஜன்னல் என்று அவனுக்குத் தெரியாது.

அவள் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு போன் வரவில்லை. பொங்கல் போனது. சீனப் பெருநாள் போனது. சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தால் மட்டும் அவள் கை ஒரு கணம் சோற்றில் நிற்கும். லீலா பார்த்தும் பார்க்காதது போல் ரசத்தை ஊற்றுவாள்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை. ஒரு பெண்ணின் குரல்.

“சந்திரமதிங்களா? நான் ஜோசபின். லாசரஸோட அக்கா. நான் பேசறது அவனுக்குத் தெரியாது... எங்கம்மா நேத்து தவறிட்டாங்க.”

“ஐயோ...”

“உங்களைக் கூப்பிடணும்னு எனக்குத் தோணுச்சு. அம்மா உங்களைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டாங்கம்மா. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை ஏதோ மீட்டிங் முடிச்சுட்டு உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனான். முடியாத உடம்போட எழுந்து சமைச்சாங்க. நான் செய்யறேன்னா விடல. இருட்டற வரைக்கும் அந்த ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தாங்க... இவன் தனியா வந்தான்.”

சந்திரமதி புளோக் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

*

கிளமெண்டியில் அந்த புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்க வீட்டுக்கான நீலத் துணிகள் கட்டியிருந்தார்கள். வட்ட மேசைகளில் வேர்க்கடலைத் தட்டுகள். பிற்பகல் வெயில் தூண்களுக்கு இடையே விழுந்து கிடந்தது. லூர்து மாதா கோயில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஜெபம் அவளுக்குத் தெரியாது. எங்கே நிற்பது, யாரிடம் பேசுவது... ஒன்றும் புரியாமல் ஓரமாக நின்றாள்.

லாசரஸ் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கைகளில் கிரீஸ் கறை படிந்து நகங்கள் கறுத்திருந்தன. அவளைப் பார்த்தான். நம்ப முடியாதவன் போல் பார்த்தான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

“வாங்க,” என்றான்.

அவள் அவன் பின்னால் போனாள். பெட்டிக்குள் ஒரு சின்ன உருவம். வெள்ளைச் சேலை, விரல்களில் ஜெபமாலை. அவனுடைய அதே நெற்றி. லாசரஸ் குனிந்து, தூங்குகிறவர்களை எழுப்பும் குரலில் சொன்னான்:

“அம்மா... சந்திரமதி வந்திருக்காங்கம்மா.”

ஜோசபின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சந்திரமதி கை கூப்பினாள். அன்னம்மா என்று அந்த அம்மாவின் பெயர் பெட்டியின் தலைமாட்டில் எழுதியிருந்தது. பெயரைக்கூட அவள் இப்போதுதான் தெரிந்துகொண்டாள். நான் வந்துகொண்டுதான் இருந்தேன்மா... உங்களைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தேன்... கண்ணீர் தானாக வழிந்தது. துடைக்கவில்லை.

பிறகு, லிப்டுக்குப் பக்கத்துக் கல் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவே ஓர் ஆள் உட்காரும் இடைவெளி.

“திரும்ப ஷிப்யார்டுல வேலை கிடைச்சிருக்கு,” என்றான். “அந்த பிசினஸ்... அன்னைக்கே விட்டுட்டேன்.”

“எதுக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போனீங்க?”

அவன் தன் கைகளைப் பார்த்தபடியே சொன்னான்:

“வேலை போனவன்னு உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல சந்திரா. அந்த ஹால்ல என் பேரைச் சொல்லிக் கை தட்டுவாங்கன்னு தெரியும். அதை நீங்க பார்க்கணும்னு நினைச்சேன். இவனும் ஒரு ஆளுதான்னு நினைப்பீங்க... அந்த தைரியத்துல உங்களை அம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயிடலாம்னு...” நகத்துக் கறையைச் சுரண்டினான். “முட்டாள்தனம். அம்மாவையும் காக்க வச்சேன். உங்களையும் அழ வச்சேன்.”

அவள் அந்தக் கைதட்டலை நினைத்தாள். மின்னிய கண்களை நினைத்தாள். அப்படியா... அதுவா அது...

“நான் கேட்டதுக்கு ஆமான்னு சொன்னீங்களே.”

“உண்மைதானே. முதல்ல கேட்டது பாடம்தான். வலிக்குமான்னு கேட்டேனே... அதை எனக்கு யாரும் சொல்லித் தரல. அதுக்கப்புறம் பேசினது எதையும் யாரும் சொல்லித் தரல. அன்னைக்குப் பஸ்ஸுக்கு வெளிய நின்னு அதைத்தான் கத்திக்கிட்டு இருந்தேன். நீங்க போயிட்டீங்க.” நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “இப்பவும் எதையும் எதிர்பார்த்துச் சொல்லல. அம்மா இல்ல... இனிமே பொய் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது? உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு சந்திரா. தினமும்... ரொம்ப...”

அந்தப் பக்கம் ஜெபமாலை முடிந்து பாட்டு ஆரம்பித்தது. பெண்களின் குரல்கள் மெலிதாக எழுந்தன.

“எனக்குக் கோபம் இன்னும் போகல,” என்றாள் சந்திரமதி.

“தெரியும்.”

“தெரியாது உங்களுக்கு. நீங்க வந்து கீழ நின்னு மேல பார்த்தீங்களே... நான் ஜன்னல்லதான் நின்னேன். கூப்பிடணும்னு இருந்தது. கூப்பிடல. அன்னைக்குக் கூப்பிட்டிருந்தா... உங்க அம்மா உயிரோட இருக்கும்போதே வந்திருப்பேன். ஏமாத்தினதுக்காக இல்ல இந்தக் கோபம். ஏமாத்தினதுக்கு அப்புறமும் உங்களைப் பிடிச்சுதே... அதுக்குத்தான்.”

அவன் அவளையே பார்த்தான். அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டு கல்லாக நின்றவன், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குழந்தையைப் போல் அழ ஆரம்பித்தான்.

சந்திரமதி நகர்ந்து வந்து, அந்த இடைவெளியில் உட்கார்ந்தாள்.

“அழுங்க,” என்றாள். “நான் எங்கயும் போகல.”